தசைனுக்கு அப்புறம்

எங்கள் மலைப்பக்கம் மழை விட்டு வானம் வெளுக்கத் தொடங்கியதும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு குடியேறிவிடும். கூரைத் தகரம் ஒழுகுகிறதா, தசைனுக்கு அப்புறம் பார்க்கலாம். கடைவாய்ப் பல் வலிக்கிறதா, தசைனுக்கு அப்புறம் பிடுங்கலாம். பெண் பார்க்க வரச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டாரும் அதையேதான் சொல்வார்கள். துர்க்கைக்கு எடுக்கும் தசைன் பண்டிகை என்னவோ பத்து நாள்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே வேலை என்பது தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். இருக்கிறார் என்று தெரியும், போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ஓவர்சியர் சிர்ஜனா கர்த்திக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். திலுங்கே ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்டும் வேலை அவள் பொறுப்பில் இருந்தது. இக்கரையில் கார்பூ, அக்கரையில் சிம்லே. கம்பிவடங்களை இரண்டு கரைக்கும் இழுத்துக் கட்டியாகிவிட்டது. நடைபலகை போட வேண்டும், இரண்டு பக்கமும் வலை கட்ட வேண்டும், கிளாம்புகளை முறுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பண்டிகையின் ஏழாம் நாளான பூல்பாதிக்குள் முடிந்துவிடும். இந்த ‘ஒழுங்காக’தான் இடித்தது. போன வருஷம் ‘அப்புறம்’ என்று ஊருக்குப் போன ஆட்கள் தசைன் முடித்து, அடுத்து வரும் விளக்குப் பண்டிகை திஹார் முடித்து, அத்தை மகள் கல்யாணம் வரைக்கும் முடித்துக்கொண்டு, பல் கிட்டும் குளிரில்தான் திரும்பி வந்தார்கள்.

இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவள் நினைத்ததற்குக் காரணம் மேலதிகாரிகள் இல்லை. கேம்ப்பில் அவர்களுக்குச் சோறாக்கும் தில்மாயாதான் காரணம்.

தில்மாயா சிம்லேயில் பிறந்து கார்பூவுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆற்றைத் தாண்ட அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வழி, கம்பியில் தொங்கும் இரும்புத் தொட்டி. அதில் உட்கார்ந்து கையால் கம்பியை இழுத்து இழுத்துப் போக வேண்டும். கல்யாணமான மறுவருஷம் பிறந்த வீட்டுக்குப் போகும்போது நட்டாற்றில் தொட்டியின் உருளையில் அவள் இடது கை மாட்டிக்கொண்டு, இரண்டு விரல் நசுங்கித் துண்டாகிப் போனது. அதற்குப் பிறகு அவள் தொட்டியில் ஏறவில்லை. சுற்றிப் போகும் பாதையையும் மழை எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட்டது. அவள் அப்பாவுக்கோ முழங்கால் மடங்காது, தொட்டியில் உட்கார முடியாது.

அதனால் ஒவ்வொரு தசைனிலும், பெரியவர்கள் நெற்றியில் டீகா வைத்து ஆசீர்வாதம் பண்ணும் நாளில், கிழவர் அக்கரையில் வந்து நிற்பார். தில்மாயா இக்கரையில் தலையைக் குனிந்து நிற்பாள். அவர் தயிரில் பிசைந்த சிவப்பு அரிசியைக் கையில் எடுத்து ஆற்றைப் பார்த்து வீசுவார். வாயசைவது தெரியும். என்ன சொல்கிறார் என்று ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

ஒரு நாள் பரிமாறும்போது தில்மாயா சாதாரணமாகத்தான் கேட்டாள். “இந்த தசைனுக்குப் பாலம் முடிஞ்சிருமா மிஸ்?”

எதற்கும் ‘அநேகமாக’ என்று ஒட்டுப் போட்டே பேசிப் பழகிய சிர்ஜனா, அன்றைக்கு மட்டும், “முடிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மிச்சமிருந்த நாளை விரல் விட்டு எண்ணினாள்.

முதலில் அவள் கூட்டம் போட்டுப் பார்த்தாள். சிமெண்ட் மூட்டை மேல் ஏறி நின்று, பூல்பாதிக்குள் முடிக்காமல் யாரும் பஸ் ஏறக் கூடாது என்றாள். ஆட்கள் பயபக்தியாகக் கேட்டார்கள். கேம்ப்பில் மூத்த கை ஹர்கே ராணா. கம்பிவடத்தில் குரங்கு மாதிரி நடப்பான், வாய் அதற்கு மேல் நடக்கும்.

“முடிச்சிருவோம் மிஸ். அப்படியே கொஞ்சம் மிச்சம் மீதி இருந்தா தசைனுக்கு அப்புறம் தட்டிக்கொட்டிரலாம். பாலம் எங்க ஓடிப்போவப் போவுது? நாமதான் ஓடிப் பஸ்ஸப் பிடிக்கணும்.”

கூட்டம் அந்தச் சிரிப்போடு கலைந்தது.

அடுத்து போன்களைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் அரிசி டின்னில் போட்டுப் பூட்டினாள். அது இன்னும் மோசமானது. புஷ்கர் என்று ஒருவன், வைகாசியில் கல்யாணம் ஆனவன். பெண்டாட்டியோடு முதல் தசைன். அவள் என்ன சொல்கிறாளோ, பஸ் டிக்கெட் கிடைத்ததா என்று கேட்கிறாளோ என்று யோசித்துக்கொண்டே பலகை போட்டான். சிர்ஜனா அன்று சாயங்காலம் பாலத்தில் நடந்து பார்த்தபோது காலடியில் ஒரு பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று கைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்தால் நாலு நட்டுப் போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. கீழே திலுங்கே நுரைத்துக்கொண்டு ஓடியது.

புஷ்கரைத் திட்ட வேண்டும் என்றுதான் கேம்ப்புக்கு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் திட்டத் தோன்றவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். தில்மாயா குந்த்ருக் கீரைக் குழம்பைக் கிளறிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

“போனப் பிடுங்கிட்டா மனசு கேம்ப்புக்கு வந்துருமா மிஸ்? போனக் குடுத்துருங்க. நிறுத்த வேண்டியது அந்தப் பேச்சத்தான். விடிஞ்சு எழுந்தா தசைனுக்கு அப்புறம், தசைனுக்கு அப்புறம்னு சொல்லிக்கிட்டே இருந்தா கை எப்படி ஓடும்?”

“வாயக் கட்ட முடியுமாக்கா?”

“நான் கட்டறேன்” என்றாள் தில்மாயா.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சட்டம் போட்டாள். “இனிமே இந்தக் கேம்ப்ல எவன் அந்த வார்த்தையச் சொன்னாலும், கீழ ஊத்துக்குப் போயி ஒரு குடம் தண்ணி கொண்டாரணும். மிஸ் சொன்னாலும் சரிதான், மினிஸ்டர் சொன்னாலும் சரிதான். கொண்டாராதவனுக்குச் சோறு கிடையாது.”

ஊற்று செங்குத்தான சரிவில் கீழே இருந்தது. ஆண்பிள்ளைகள் யாரும் அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. “இதெல்லாம் நல்ல கூத்து. தசைனுக்கு அப்புறம் வெச்சுக்கக் கூடாதா இத?” என்றான் ஹர்கே. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தில்மாயா செம்புக் குடத்தை அவன் முன்னால் வைத்தாள்.

அந்த வாரம் கேம்ப்பில் தண்ணீர் வழிந்தது. புஷ்கர் ஒரே நாளில் அத்தனை தடவை ஏறி இறங்கியதில் அவன் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ஒருவன் வாயை மற்றவன் காவல் காக்கத் தொடங்கினான். தூக்கத்தில் உளறியதற்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டுமா என்று ஒரு பஞ்சாயத்துகூட நடந்தது. வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. போன்களும் திரும்பி வந்தன. வேலை கொஞ்சம் நகர்ந்தது. ஆனாலும் சிர்ஜனா கணக்குப் போட்டுப் பார்த்தால் போதவில்லை.

அப்போதுதான் கிளாம்புகள் காணாமல் போயின.

வடத்தைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புகள் அவை. பெட்டியில் இருந்தவற்றில் சில குறைந்தன. “ஆத்துல விழுந்திருக்கும் மிஸ்” என்றான் புஷ்கர், வானத்தைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் மத்தியானம் ஆட்களையும் காணவில்லை. சிர்ஜனா ஸ்பேனரும் கையுமாகக் கார்பூ ஊருக்குள் ஏறிப் போனாள்.

ஊர் மைதானத்தில் நாலு பெரிய மூங்கில்களை நட்டு வளைத்து, தசைன் ஊஞ்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் ஹர்கே. கீழே புஷ்கரும் மற்றவர்களும். சுற்றி ஊர்ப் பிள்ளைகள். எந்த ஊரிலும் அந்த ஊஞ்சல் புல்கயிற்றில்தான் தொங்கும், முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார்கள். கார்பூ ஊஞ்சலில் மட்டும் முடிச்சுக்கு முடிச்சு பாலத்துக் கிளாம்பு. நட்டை முறுக்கி, மேலே கிரீஸும் தடவியிருந்தது. பாலக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி போகாது.

“இறங்குங்க ஹர்கே அண்ணே” என்றாள் சிர்ஜனா.

“கயிறு வழுக்கிருச்சுன்னா மிஸ்? பிள்ளைங்க ஆடறது. சேஃப்டி முக்கியம்னு நீங்கதான சொன்னீங்க.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறு என்று ஏணியில் ஏறி ஒரு கிளாம்பில் ஸ்பேனரைப் போட்டாள். அசையவில்லை. அடுத்ததில் போட்டாள். அதுவும் அசையவில்லை. இவ்வளவு அக்கறையாக முறுக்கின நட்டை அந்த வாரம் முழுக்க அவள் பாலத்தில் பார்க்கவில்லை. அங்கேயே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. கவனமும் எங்கேயும் போய்விடவில்லை, முழுசாக இந்த மைதானத்தில் இருக்கிறது. அதைப் பாதி நாளாவது பாலத்துக்குக் கடன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏணியில் நின்றபடியே பேசினாள். “கிளாம்பெல்லாம் கழட்டிட்டு முடிச்சுப் போடுங்க. நாளையில இருந்து தினமும் பாலத்துல ஒரு இடத்துல சிவப்புத் துணி கட்டுவேன். அதுவரைக்கும் பலகையும் வலையும் முடிஞ்சிருச்சுன்னா, மத்தியானமே முடிஞ்சாலும் சரி, அப்புறம் நான் யாரையும் கூப்பிட மாட்டேன். போன் பேசுங்க, சீட்டாடுங்க, இங்க வந்து ஆடுங்க. ஆனா ஒவ்வொரு நட்டையும் இப்படித்தான் முறுக்கிப் பார்ப்பேன். ஒண்ணு அசைஞ்சாலும் துணி அங்கதான் இருக்கும், நீங்களும் அங்கதான் இருப்பீங்க.”

“சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொல்ல மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

ஹர்கே யோசித்தான். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல மிஸ். தொண்டத் தண்ணி மிஞ்சியிருக்கும்.”

முடிச்சுப் போட்டு முடிந்ததும் ஊஞ்சலில் முதலில் அவளைத்தான் ஏறச் சொன்னார்கள். தசைனுக்கு ஒரு தடவையாவது கால் தரையை விட வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

“உங்க காலு தினமும் ஆத்துக்கு மேலதான அண்ணே தொங்குது” என்றாள் அவள்.

“அது சம்பளத்துக்கு மிஸ். இது நமக்கு.”

அவள் ஏறி ஆடினாள். மூங்கில் கிரீச்சிட்டது. மலைமுகடு ஒரு தடவை காலுக்குக் கீழே போய்த் திரும்பி வந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. ஊரே ஏறியது. தில்மாயாவையும் இழுத்தார்கள். “எனக்குத் தரையே போதும்” என்று கையை உதறிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

அதன் பிறகு பாலம் நகர்ந்த வேகத்தை சிர்ஜனாவாலேயே நம்ப முடியவில்லை. சிவப்புத் துணி ஒவ்வொரு நாளும் அக்கரையை நெருங்கியது. துணியைத் தொட்டுவிட்டு ஆட்கள் மைதானத்துக்கு ஓடினார்கள். புஷ்கர் பெண்டாட்டிக்குப் பலகைகளை வீடியோவில் காட்டி, ‘இது நான் போட்டது, இதுவும் நான் போட்டது’ என்று பீற்றிக்கொண்டான். ஒரே ஒரு நாள் ஒரு நட்டு அசைந்தது. அன்று யாரும் முணுமுணுக்கவில்லை. பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினார்கள். பூல்பாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசிப் பலகை சிம்லே மண்ணைத் தொட்டது.

ஆனால் மாவட்ட அலுவலகத்து இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பாலத்தைத் திறக்க முடியாது. இரண்டு முனையிலும் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி சிர்ஜனா அந்த இன்ஜினியர் ரேக்மி சாருக்குப் போன் போட்டாள். காற்றில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தாள். கேம்ப்பே சுற்றி நின்றது.

“முடிச்சிட்டீங்களா? பரவாயில்லையே. ரொம்ப சந்தோஷம் சிர்ஜனா” என்றார் ரேக்மி சார். “அப்ப ஒண்ணு பண்ணலாம். தசைனுக்கு அப்புறம் நான் வந்து பார்த்துடறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிர்ஜனா தில்மாயாவைப் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்தாள். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டாள், கெஞ்சக்கூட செய்தாள். ஆபீஸில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், ஜீப் இருக்கிறது டிரைவர் இல்லை என்று சார் இழுத்தார். ஹர்கே கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டான்.

“கும்பிடறேன் சார். ஹர்கே பேசறேன். பண்டிகைக்குக் கிடா வாங்கியாச்சுங்களா?”

“எங்க ஹர்கே. இங்க வந்து இறங்கறதெல்லாம் லாரியில நின்னு நின்னு எலும்பாப் போனது. வீட்டுல தினமும் இதே பேச்சுதான்.”

“சிம்லே கிடா பார்த்திருக்கீங்களா சார்? மேல காட்டுல மேயுது. முதுகுல கை வெச்சா அமுங்கும். ரெண்டு ஆள் பிடிக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆனா என்ன பண்றது, பாலம் திறக்கலையே. தொட்டியில ஏத்தினா ஆத்துல குதிச்சிரும். தசைனுக்கு அப்புறம் வேணா ஓட்டிட்டு வரச் சொல்லட்டுங்களா?”

ரேக்மி சார் தொண்டையைச் செருமினார். “ஜீப் எதுவரைக்கும் வரும் அங்க?”

ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹர்கே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான். தில்மாயா குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். காரியத்துக்காகச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அவன் பாட்டு முனகிக்கொண்டே ஊற்றுக்கு இறங்கினான்.

மறுநாள் ரேக்மி சார் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தோளில் சுருட்டிய கயிறு, கிடாவுக்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பாலத்தில் கால் வைத்ததும் மனிதர் கிடாவை மறந்துவிட்டார். ஒவ்வொரு கிளாம்பாகக் குனிந்து பார்த்தார். நட்டுகளை அவரே முறுக்கிப் பார்த்தார். நடுப்பாலத்தில் நின்று குதித்தார். வெயிலில் சட்டை நனைய நனைய இரண்டு கரைக்கும் போய் வந்தார். எல்லாம் முடித்து சிர்ஜனாவிடம், “தசைனுக்கு முன்னாடி முடிச்ச பாலத்துல ஒரு நட்டாவது லூசா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். “ஆட்களை என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணல சார். தண்ணி கொண்டுவரச் சொன்னோம்.”

மூங்கிலைப் பிரித்தார்கள். அக்கரையில் சிம்லே ஜனங்கள் கிடாக்களோடு காத்திருந்தார்கள். பாலத்தின் மேல் முதலில் வந்தது மாலை போட்ட பெரியமனிதர் யாரும் இல்லை, ரேக்மி சார் பிடித்த கறுப்புக் கிடாதான். அது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. சார் முன்னால் இழுக்க, ஹர்கே பின்னால் தள்ள, புஷ்கர் இலைக்கொத்தைக் காட்டிக் கொஞ்ச, ஒருவழியாக இக்கரை வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து மற்றவையும் வந்தன. பாலம் ஆடியது, பலகை ஒன்றும் அசையவில்லை.

கூட்டம் விலகியதும் அக்கரை முனையில் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் நிற்பது தெரிந்தது. முழங்கால் விட்ட மட்டும் வந்து நின்றுகொண்டிருந்தார்.

தில்மாயா பாலத்தின் முனைவரை போனாள். முதல் பலகையைப் பார்த்தாள். பலகை இடுக்கில் கீழே வெள்ளையாக ஓடும் ஆற்றைப் பார்த்தாள். இரண்டு விரல் போன இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, முகம் வெளுத்துத் திரும்பிவிட்டாள்.

“போலாம் மிஸ். இப்ப என்ன அவசரம். அடுப்புல சோறு கெடக்கு. டீகா அன்னைக்கு எப்பவும் போல இங்கயே நின்னுக்கறேன்” என்றாள். “தசைனுக்கு அப்புறம் போனாப் போச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. சிர்ஜனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அடுப்படிக்குப் போனாள். காலையில் புஷ்கர் கொண்டுவந்த தண்ணீர் நிரம்பிய செம்புக் குடத்தைத் தூக்கிவந்து தில்மாயாவின் இடுப்பில் வைத்தாள்.

“உங்க சட்டந்தான்க்கா. ஒரு குடம் தண்ணி. அப்பாவுக்குக் கொண்டு போங்க.”

தில்மாயா அவளை முறைத்தாள். குடத்தைக் கீழே வைக்க இடம் தேடுகிறாளோ என்று தோன்றியது. ஆனால் குடம் ஏறியதும் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தது. வருஷக்கணக்காக செங்குத்துச் சரிவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறிய இடுப்பு அது. இடது கையால் குடத்தை அணைத்துக்கொண்டாள், வலது கையால் கைக்கம்பியைப் பிடித்தாள். ஆற்றைப் பார்க்கவில்லை. குடத்தின் வாயில் தளும்பும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு முதல் பலகையில் கால் வைத்தாள்.

நடுப்பாலத்தில் பாலம் லேசாக ஆடியது. அவள் நின்றாள். இக்கரையில் ஹர்கே வாயைத் திறந்தான், சிர்ஜனா அவன் கையைப் பிடித்து அடக்கினாள். தில்மாயா தண்ணீர் அடங்கும்வரை பொறுத்து நின்றாள். பிறகு நடந்தாள்.

அக்கரையில் அவள் குடத்தை இறக்கி வைத்தாள். கிழவர் மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தார், பிறகு அந்தக் கையை. டீகாவுக்கு இன்னும் நாள் இருந்தது, கையில் அரிசியும் இல்லை, தயிரும் இல்லை. குடத்தில் கையை நனைத்து அவள் நெற்றியில் வைத்தார். வாயசைந்தது. இந்தத் தடவை அவளுக்குக் கேட்டிருக்கும்.

சிர்ஜனா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ரேக்மி சார் கிடாவைப் பார்ப்பது போலப் பாவனை பண்ணினார். ஹர்கேதான் முதலில் பேசினான்.

“அதெல்லாம் சரி மிஸ். இருந்த தண்ணியும் அக்கரைக்குப் போயிருச்சு. நமக்கு யாரு சோறாக்கறது? பஸ்ஸுக்கு மூட்ட கட்டணும், அந்த ரிப்போர்ட்ட வேற நீங்க எழுதணும்.”

“ரிப்போர்ட்டா?” என்றாள் சிர்ஜனா. “அது தசைனுக்கு அப்புறம்.”

யாரும் சொல்வதற்கு முன்னாலேயே காலிக் குடம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் ஊற்றுக்கு இறங்கத் தொடங்கினாள்.